முதுகுல ராடு, வயித்துல குழந்தை

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

 

இன்னைக்கு எடுத்திருக்கிற விஷயம் கேட்கிற எல்லாருக்கும் நேரடியா சம்பந்தப்பட்டது இல்ல. ஆனா உங்க ஃப்ரெண்ட்ஸ்ல, கசின்ஸ்ல, ஆபீஸ்ல யாரோ ஒருத்தருக்கு இது கண்டிப்பா தேவைப்படும். டீன் ஏஜ்ல ஸ்கோலியோசிஸுக்கு ஆபரேஷன் பண்ணி, முதுகுல ராடும் ஸ்க்ரூவும் வெச்சுக்கிட்டு வளர்ந்த பொண்ணுங்க எல்லாருக்கும் ஒரு கேள்வி இருக்கும். "நான் குழந்தை பெத்துக்கலாமா? பெத்துக்கிட்டா என் முதுகு என்ன ஆகும்?"

நான் டாக்டர் கிடையாது. எனக்கு 15 வயசுல இந்த ஆபரேஷன் நடந்தது. இப்ப 33. மூணு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. இந்த நடுவுல படிச்சது, டாக்டர்கள்கிட்ட கேட்டது, உடம்புல பட்டது, இது மூணையும் வெச்சுத்தான் பேசப்போறேன். மருந்து, ஊசி பத்தின முடிவெல்லாம் உங்க டாக்டரோட பேசி எடுங்க.

ஃப்யூஷன்னா என்ன?

தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். ஸ்கோலியோசிஸ்னா முதுகுத்தண்டு பக்கவாட்டுல வளையறது. வெறும் வளைவு மட்டும் இல்ல, கூடவே முறுக்கவும் செய்யும். அதனாலதான் ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு துருத்திக்கிட்டு நிக்கும், இடுப்பு ஒரு பக்கம் ஏறின மாதிரி தெரியும். எக்ஸ்ரேல அந்த வளைவை அளக்கிற கோணத்துக்கு காப் கோணம்னு பேரு. ஜான் காப்ங்கிற அமெரிக்க எலும்பு டாக்டர் 1948-ல சொன்ன முறை, இன்னைக்கும் அதுதான். 10 டிகிரிக்கு மேல இருந்தா ஸ்கோலியோசிஸ். 45, 50 டிகிரியைத் தாண்டினா பொதுவா ஆபரேஷன் பத்திப் பேச ஆரம்பிப்பாங்க. பதின்ம வயசுல வர்ற வகைக்கு பெரும்பாலும் காரணமே தெரியாது. பை தூக்கினதாலயோ, கோணலா உட்கார்ந்ததாலயோ வர்றது இல்ல. சின்ன வளைவு பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் வரும். ஆபரேஷன் வரைக்கும் போற அளவு வளர்றது பொண்ணுங்களுக்குத்தான் ரொம்ப அதிகம்.

ஆபரேஷன்ல வளைஞ்ச பகுதி எலும்புகள்ல ஸ்க்ரூ போட்டு, ரெண்டு பக்கமும் ராடு வெச்சு நிமிர்த்துவாங்க. அது பாதி வேலைதான். மீதிப் பாதி, அந்த எலும்புகளுக்கு நடுவுல எலும்புத் துணுக்குகளை வெச்சு, எல்லாம் சேர்ந்து ஒரே எலும்பா வளர விடறது. அதுதான் ஃப்யூஷன். ராடு ஒரு சாரம் மாதிரி. கட்டடம் காயற வரைக்கும் தாங்கும். சாரத்தைப் பிரிக்கிறதில்ல, உள்ளேயே விட்டுடறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதுகுத்தண்டுல கழுத்துல 7, மார்புப் பகுதியில 12, இடுப்புப் பகுதியில 5 எலும்பு. மார்புப் பகுதிக்கு டி, இடுப்புப் பகுதிக்கு எல்னு எழுத்து. எனக்கு டி4-ல இருந்து எல்3 வரைக்கும். அதாவது 12 எலும்பு ஒரே எலும்பா மாறியாச்சு. அதுக்குக் கீழ அசையறதுக்கு மிச்சம் இருக்கிறது மூணே மூணு டிஸ்க். இந்த மூணுங்கிற எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

"சொல்லாதே"

கல்யாணப் பேச்சு ஆரம்பிச்சப்ப எங்க சொந்தத்துல ஒரு பெரியம்மா அம்மாகிட்ட சொன்ன முதல் வார்த்தை, "முதுகு விஷயத்தை மாப்பிள்ளை வீட்டுல சொல்லாதே." பிளவுஸ் எல்லாம் க்ளோஸ் நெக்கா தைக்கச் சொல்லி டெய்லர்கிட்ட தனியா சொன்னாங்க. அவங்க கெட்டவங்க இல்ல. அவங்க பயம் தழும்பைப் பத்தினது இல்ல. தழும்புக்குப் பின்னாடி ஒரு கேள்வி வரும்ல, "இந்தப் பொண்ணால பிள்ளை பெத்துக்க முடியுமா?" அதைப் பத்தின பயம்.

நான் சொல்லித்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். அவர்கிட்ட முதல் தடவை தனியா பேசினப்பவே எக்ஸ்ரே ஃபோட்டோவை ஃபோன்ல காட்டினேன். அவர் பார்த்துட்டு, "வலிக்குமா?"ன்னுதான் கேட்டார். ஆனா இதே விஷயத்தைச் சொன்னதுக்காக சம்பந்தம் நின்னுபோன ரெண்டு பேரை எனக்குத் தெரியும். அதனால "தைரியமா சொல்லிடுங்க"ன்னு சுலபமா அட்வைஸ் பண்ண மாட்டேன். சொல்ற விலையைப் பொண்ணுங்கதான் கொடுக்கறாங்க.

2018 அக்டோபர்ல இங்கிலாந்து ராஜ குடும்பத்துல யூஜினிக்குக் கல்யாணம் நடந்தது. அவங்களுக்கு 12 வயசுல, 2002-ல, இதே ஆபரேஷன். கல்யாண கவுனை முதுகு நல்லா தெரியற மாதிரி தைக்கச் சொல்லி, முக்காடும் வேண்டாம்னு சொல்லி, அந்தத் தழும்போட நடந்து போனாங்க. 2021-ல ஒரு பையன், 2023-ல இன்னொரு பையன். அரச குடும்பத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. ஒண்ணும் இல்ல. ஆனா அந்த வீடியோவை எங்க பெரியம்மாவுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "தழும்பு உன்னது மாதிரியேதான் இருக்கு"ன்னாங்க. அதுக்கப்புறம் பிளவுஸ் பேச்சு வரல.

குழந்தை பெத்துக்கலாமா?

நேரா பதிலுக்கு வர்றேன். பெத்துக்கலாம். ஃப்யூஷன் ஆபரேஷன் கருத்தரிக்கிற திறனைத் தொடுறதே இல்ல. கர்ப்பப்பை, சினைப்பை எல்லாம் முன்பக்கம், இது பின்பக்க வேலை.

அடுத்த பயம், கர்ப்பத்துல வளைவு திரும்ப வந்துடுமா, ராடு உடைஞ்சுடுமாங்கிறது. எலும்பு நல்லா சேர்ந்து கெட்டியாயிடுச்சுன்னா அந்தப் பகுதியை கர்ப்பம் வளைக்கிறது இல்ல. ஸ்வீடன்ல கோதன்பர்க் நகர டாக்டர்கள், இளவயசுல ஸ்கோலியோசிஸுக்கு ஆபரேஷனோ பிரேஸோ எடுத்துக்கிட்ட பெண்களை 22 வருஷம் கழிச்சு கூப்பிட்டுப் பார்த்தாங்க. 2001-ல வெளியான ஆய்வு. வளைவு கூடினதுக்கும் எத்தனை குழந்தை பெத்தாங்கங்கிறதுக்கும் தொடர்பு தெரியல.

அதே சமயம், எல்லாருக்கும் ஒரே மாதிரின்னு சொல்ல முடியாது. மார்புப் பகுதியில வளைவு ரொம்ப பெருசா இருந்து நுரையீரல் அளவு குறைஞ்சிருந்தா, கர்ப்பத்துக்கு முன்னாடியே மூச்சுத்திறன் டெஸ்ட் எடுத்துப் பார்க்கணும். பிறவியிலேயே எலும்பு அமைப்பு மாறி வர்ற ஸ்கோலியோசிஸ், தசை நோய்களால வர்ற ஸ்கோலியோசிஸ், இதெல்லாம் வேற கணக்கு. நான் பேசறது காரணம் தெரியாத, பதின்ம வயசு ஸ்கோலியோசிஸ் பத்தி மட்டும்தான்.

அப்ப வலி ஏன்?

முதுகுவலி கர்ப்பத்துல பாதிப் பேருக்கு மேல வரும். முதுகுல எதுவுமே இல்லாதவங்களுக்கும் வரும். அதனால எது பொதுவான வலி, எது நம்ம ஸ்பெஷல் வலின்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு ஆராய்ச்சி இருக்கு. 2007-ல நேச்சர் பத்திரிகையில வந்தது. மனுஷங்க ரெண்டு கால்ல நிக்கிறவங்க. வயித்துல குழந்தை வளர வளர உடம்போட எடை முன்னாடி போகும். முன்னாடி கவிழாம இருக்க, கர்ப்பிணி கீழ் முதுகை உள்பக்கமா இன்னும் வளைச்சு, மேல் உடம்பைக் கொஞ்சம் பின்னாடி சாய்ச்சு நிப்பாங்க. நிறைமாசக்காரங்க ஒரு கையை இடுப்புல ஊன்றிக்கிட்டு சாய்ஞ்சு நிக்கிறதைப் பார்த்திருப்பீங்கல்ல, அதேதான். அந்த வளைவுக்குத் தோதா ஆப்பு வடிவத்துல இருக்கிற எலும்புகள் ஆண்களுக்கு ரெண்டு, பெண்களுக்கு மூணுன்னு அந்த ஆய்வு சொல்லுது. பிள்ளையைச் சுமக்கிறதுக்காகவே பெண்ணோட இடுப்பெலும்பு லட்சக்கணக்கான வருஷமா மாறி வந்திருக்கு.

இப்ப என் கதைக்கு வாங்க. எனக்கு அந்தச் சாய்வைச் செய்ய வேண்டிய பகுதியில மேல் பாதி கெட்டிப்பட்டுப் போச்சு. அஞ்சு எலும்பும் சேர்ந்து பங்கு போட்டுச் செய்ய வேண்டிய வேலையை, மிச்சமிருக்கிற மூணு டிஸ்க் மட்டும் இழுத்துப் போட்டுச் செய்யுது. கூடவே கர்ப்பத்துல சுரக்கிற ரிலாக்சின் மாதிரி ஹார்மோன்கள் இடுப்பெலும்பு மூட்டுகளோட தசைநார்களைத் தளர்த்தும். பிரசவத்துக்கு அது தேவை. ஆனா மேல இரும்புத்தூண் மாதிரி முதுகு, கீழ தளர்ந்த மூட்டு. அந்த ரெண்டும் சேர்ற இடம், பின்பக்கம் இடுப்புக்குழி இருக்கும் பாருங்க, அங்கதான் எனக்கு வலி. ராடு இருக்கிற இடத்துல வலியே இல்ல.

இது புரிஞ்சது எனக்குப் பெரிய நிம்மதி. அதுவரைக்கும் ஒவ்வொரு தடவை சுருக்குனு பிடிக்கும்போதும் ஸ்க்ரூ கழண்டுடுச்சோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்.

மாசம் மாசமா

முதல் மூணு மாசம் முதுகு ஒண்ணும் சொல்லல, வாந்திதான். அஞ்சாம் மாசத்துல இருந்து வலி ஆரம்பிச்சது. ஏழாம் மாசத்துல பத்து நிமிஷத்துக்கு மேல ஒரே இடத்துல நிக்க முடியாது. நடந்தா பரவாயில்ல, நின்னா வலிக்கும். மெட்ரோல சீட் கேட்கக் கூச்சமே படல. வயிறு தெரியற அளவுக்கு முதுகு தெரியாது, அதனால வயித்தைக் காட்டியே கேட்டுக்கிட்டேன்.

எனக்கு உதவினதைச் சொல்றேன். எழுந்திருக்கும்போது நேரா எழும்பாம, ஒருக்களிச்சுப் படுத்து, கையை ஊன்றி, காலை முதல்ல கட்டில்ல இருந்து இறக்கி, அப்புறம் உட்கார்றது. தூங்கும்போது ரெண்டு முட்டிக்கு நடுவுல ஒரு தலகாணி, வயித்துக்குக் கீழ ஒரு சின்னத் தலகாணி. குனிய வேண்டிய வேலைக்கெல்லாம் முதுகை விட்டுட்டு, இடுப்பு மூட்டுலயும் முட்டியிலயும் மடங்கறது. இது ஃப்யூஷன் ஆனவங்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். மெட்டர்னிட்டி பெல்ட் நடக்கும்போது மட்டும். தினமும் அரை மணி நேரத்தை ரெண்டா பிரிச்சு நடை. வாரத்துல ரெண்டு நாள் பிசியோகிட்ட போய் தொடை, பின்பக்கம், அடிவயிறு தசைகளுக்குப் பயிற்சி. கர்ப்பிணிகளைப் பார்த்துப் பழக்கமுள்ள பிசியோவா தேடுங்க. முதுகை முறுக்கற யோகாசனத்தை யார் சொன்னாலும் செய்யாதீங்க. கெட்டிப்பட்ட இடம் முறுங்காது, அந்த முறுக்கு மொத்தமும் கீழ இருக்கிற டிஸ்குக்குப் போகும்.

வளைகாப்புல மணையில உட்கார முடியாதுன்னு முன்னாடியே சொல்லிட்டேன். அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம். "ஒரு பத்து நிமிஷம் உட்காரும்மா"ன்னு கேட்டாங்க. "உட்கார்ந்துடுவேன் அத்தை, எழுப்பறதுக்கு நாலு பேர் வேணும்"னேன். சிரிச்சுட்டாங்க. அவங்களே ஒரு உயரமான சேரைக் கொண்டுவந்து, பட்டுத்துணி போர்த்தி, கீழ கோலம் போட்டு வெச்சுட்டாங்க. ஃபோட்டோல ராணி சிம்மாசனத்துல உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மாத்திரை விஷயத்துல ஒண்ணு கட்டாயம் கேட்டுக்கோங்க. நாள்பட்ட முதுகுவலி இருக்கிற நம்ம எல்லார் பையிலயும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக்னு ஏதாவது ஒரு பட்டை இருக்கும். மெடிக்கல்ல கேட்டாலே கொடுத்துடுவாங்க. கர்ப்பத்துல இந்த வகை மாத்திரைகளை நீங்களா போடாதீங்க. 20 வாரத்துக்கு மேல குழந்தையோட சிறுநீரகத்தைப் பாதிச்சு பனிக்குட நீரைக் குறைக்கலாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020-ல எச்சரிக்கை கொடுத்தது. தடவற ஜெல்லா இருந்தாலும் கேட்டுட்டுத் தடவுங்க. பொதுவா டாக்டர்கள் முதல்ல சொல்றது பாராசிட்டமால், அதுவும் அளவோட. நரம்பு வலிக்கு ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறவங்க கர்ப்பத்தைத் திட்டமிடும்போதே டாக்டர்கிட்ட பேசிடுங்க. திடீர்னு நிறுத்தவும் கூடாது.

கட்டைப்பை

இந்த எபிசோடுல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிறதா இருந்தா, இதை வெச்சுக்கோங்க. உங்க பழைய ஆபரேஷன் பேப்பரைத் தேடி எடுங்க. கர்ப்பத்துக்கு முன்னாடியே.

ஏன்னா, பிரசவ நேரத்துல உங்க முதுகைப் பார்க்கப்போறது எலும்பு டாக்டர் இல்ல, மயக்க மருந்து டாக்டர். வலியில்லாம பிரசவம் ஆக எபிடியூரலோ, சிசேரியனுக்கு ஸ்பைனல் ஊசியோ, ரெண்டுமே கீழ் முதுகுலதான் போடணும். தண்டுவடம் பெரியவங்களுக்கு எல்1, எல்2 பக்கத்துல முடிஞ்சுடும். அதுக்குக் கீழ, எலும்புகளோட இடைவெளி வழியா ஊசி போகும். ஃப்யூஷன் எங்க முடியுதுங்கிறதுதான் இங்க முக்கியம். எல்1-லயோ எல்2-லயோ முடிஞ்சிருந்தா கீழ இடம் இருக்கும். எல்4, எல்5 வரைக்கும் போயிருந்தா, இடைவெளியே எலும்பால மூடியிருக்கலாம்.

இன்னொரு சிக்கல், தழும்பு. எபிடியூரல் மருந்து தண்டுவட உறைக்கு வெளிய இருக்கிற ஒரு மெல்லிய இடத்துல பரவணும். ஆபரேஷன் நடந்த முதுகுல அந்த இடத்துல தழும்புத் திசு இருந்தா மருந்து சீராப் பரவாது. ஒரு பக்கம் மரத்துப்போய், இன்னொரு பக்கம் வலி அப்படியே இருக்கும். நாலஞ்சு தடவை குத்த வேண்டியிருக்கலாம். ஊசி உறையைத் துளைச்சுட்டா அப்புறம் சில நாள் கடுமையான தலைவலி வரலாம். ஸ்பைனல் ஊசி உறைக்கு உள்ள இருக்கிற திரவத்துலயே போறதால, தழும்பு அதைப் பெருசா தடுக்காது. அதனால எபிடியூரல் சரியா வேலை செய்யாத சிலருக்கு ஸ்பைனல் நல்லா வேலை செய்யும். ரெண்டும் முடியலன்னா சிசேரியனுக்கு முழு மயக்கம் கொடுப்பாங்க. அதுவும் தயாரிப்போட செய்தா பாதுகாப்பானதுதான்.

எங்க அப்பா என் எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாத்தையும் ஒரு ஜவுளிக்கடை கட்டைப்பையில போட்டு பீரோ மேல 14 வருஷமா வெச்சிருந்தார். ஃபிலிம் ஓரமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்தது. 28-ஆவது வாரத்துல அந்தப் பையோட மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கப் போனோம். அந்தம்மா ஒவ்வொரு படத்தையும் ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாங்க. முதுகைத் தடவிப் பார்த்து, அல்ட்ராசவுண்ட் வெச்சு இடைவெளியைக் குறிச்சாங்க. "எல்4-க்கும் எல்5-க்கும் நடுவுல இடம் இருக்கு. எபிடியூரல் முயற்சி பண்ணலாம். ஆனா ஒரு பக்கம் பிடிக்காம போக வாய்ப்பு இருக்கு, தயாரா இருங்க"ன்னாங்க. கர்ப்பத்துல புதுசா எக்ஸ்ரே எடுக்க யாரும் விரும்ப மாட்டாங்க. அந்தப் பை இல்லன்னா இந்தப் பேச்சே நடந்திருக்காது.

"ராடு இருக்கா? அப்ப சிசேரியன்தான்"னு முதல்ல பார்த்த ஒரு இடத்துல படத்தைக்கூடப் பார்க்காம சொன்னாங்க. தமிழ்நாட்டுல 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி கிட்டத்தட்ட 45 சதவீதப் பிரசவம் சிசேரியன். அவ்வளவு சகஜமா இருக்கிற ஊர்ல நம்மளை மாதிரி ஆளுக்கு அது முதல் பதிலா வர்றது ஆச்சரியம் இல்ல. ஆனா ஃப்யூஷன் ஆகியிருக்கிறது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. குழந்தை எப்படி இருக்கு, இடுப்பெலும்பு எப்படி இருக்கு, பிரசவம் எப்படி நகருதுன்னு மத்தவங்களுக்குப் பார்க்கிற அதே காரணங்கள்தான் நமக்கும். சிசேரியன் ஆனாலும் அதுல குறை ஒண்ணும் இல்ல. கேட்டு, புரிஞ்சு, ஒத்துக்கிட்டு நடக்கணும், அவ்வளவுதான்.

எனக்கு நார்மல் டெலிவரி. எபிடியூரல் இடது பக்கம் அருமையா பிடிச்சது. வலது பக்கம் பிடிக்கவே இல்ல. பாதி உடம்புக்கு மட்டும் பிரசவ வலி. அந்தம்மா முன்னாடியே சொல்லியிருந்ததால பயம் வரல. "ஆங், இதைத்தான் சொன்னாங்க"ன்னு தோணுச்சு. வலி குறையல. ஆனா பயம் சேராத வலி வேற மாதிரிதான் இருந்தது.

பிறந்ததுக்கு அப்புறம்

கர்ப்பத்தைவிட எனக்குக் கஷ்டமா இருந்தது அதுக்கப்புறம் வந்த ஒரு வருஷம்தான். இதை யாரும் சொல்லித் தரல. வயித்துல இருக்கும்போது குழந்தை நடுவுல இருக்கும். வெளிய வந்ததுக்கப்புறம் ஒரு பக்க இடுப்புல இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை குனியறோம், தூக்கறோம், குழந்தையைத் தொட்டில்ல போடறோம்னு கணக்கே இல்ல.

நம்ம வீடுகள்ல தரையிலதான் எல்லாம் நடக்கும். தரையில பாய் போட்டு குழந்தையைப் படுக்க வைப்போம். குளிப்பாட்டறது தரையில மணை போட்டு, காலை நீட்டி, கால் மேல குழந்தையைப் போட்டு. அதை என்னால செய்யவே முடியாது. அம்மாதான் மூணு மாசம் குளிப்பாட்டினாங்க. "என் பிள்ளையை நான் குளிப்பாட்டக்கூட முடியலையே"ன்னு ஒரு நாள் அழுதேன். அம்மா குழந்தையைத் துடைச்சுக்கிட்டே, "உன்னைக் குளிப்பாட்டினது உன் பாட்டி. எனக்கு அப்ப டைபாய்டு. நீ என்ன பாட்டியையா அம்மான்னு கூப்பிட்டே?"ன்னாங்க.

அம்மா ஊருக்குப் போனதும் நாங்க டேபிள் மேல டப் வெச்சுக்கிட்டோம். துணி மாத்தறது இடுப்பு உயரத்துல. பால் கொடுக்கும்போது குழந்தையை நோக்கி நான் குனியாம, தலகாணி அடுக்கி குழந்தையை மார்பு உயரத்துக்குக் கொண்டுவந்தோம். படுத்துக்கிட்டே கொடுக்கவும் பழகினேன். இரவுல தொட்டில்ல இருந்து தூக்கித் தர்ற வேலை முழுக்க அவருது. அதை உதவின்னு நாங்க பேசிக்கல, வேலைப் பங்கீடுன்னுதான் வெச்சுக்கிட்டோம். வயித்துல துணி இறுக்கிக் கட்டணும்னு எல்லாரும் சொன்னாங்க. பிசியோ, துணி தசையோட வேலையைச் செய்யாது, மெதுவா மூச்சுப் பயிற்சியில ஆரம்பிச்சு அடிவயிறு தசையை எழுப்பணும்னு சொன்னாங்க. அதைத்தான் செஞ்சேன்.

இன்னும் வலிக்குதா?

வலிக்குது. மூணு வருஷம் ஆச்சு, போகல. இதை மறைச்சு நல்ல முடிவு சொல்றதுல எனக்கு விருப்பம் இல்ல. குழந்தை பிறந்து ஒரு வருஷம் கழிச்சு எடுத்த எக்ஸ்ரேல ராடு, ஸ்க்ரூ எல்லாம் அப்படியே பத்திரமா இருக்கு. எல்3-க்குக் கீழ இருக்கிற டிஸ்க் கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு. அது ஃப்யூஷனுக்குப் பக்கத்து டிஸ்க்குல வருஷங்கள் போகப்போக வரக்கூடியதுதான், குழந்தை பெறாதவங்களுக்கும் வரும். படத்துல தெரியற தேய்மானமும் வலியோட அளவும் எப்பவும் ஒத்துப்போறதும் இல்லன்னு டாக்டர் சொன்னார்.

சொந்தக்காரங்க எல்லாரும் கண்டுபிடிச்ச காரணம் ஒண்ணுதான். "முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதான்." பிரசவம் ஆன பெண்கள்ல பாதிப் பேர் இதைச் சொல்லிக் கேட்டிருப்பீங்க. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். ஆனா எபிடியூரல் வருஷக்கணக்கா முதுகுவலி உண்டாக்குதுன்னு ஆய்வுகள்ல தெரியல. காரணம் பெரும்பாலும் நான் மேல சொன்னதுதான். தளர்ந்த தசை, தூக்கம் இல்லாத உடம்பு, ஒரு பக்க இடுப்புல பத்து கிலோ.

எனக்கு வலியைக் குறைச்சது ஓய்வு இல்ல, எடை தூக்கற பயிற்சி. டாக்டர்கிட்டயும் பிசியோகிட்டயும் கேட்டுட்டு, வெறும் பிளாஸ்டிக் பாட்டில்ல தண்ணி ஊத்தி ஆரம்பிச்சேன். இப்ப வாரத்துக்கு மூணு நாள். விட்டா ரெண்டு வாரத்துல வலி திரும்ப ஏறுது, செஞ்சா இறங்குது. மழைநாள்ல, மாதவிடாய்க்கு முன்னாடி, டெட்லைன் வாரத்துல கூடும். வலி இருக்கிற நாள்ல பொண்ணு "தூக்கு"ன்னு வந்தா, நான் கீழ சோபாவுல உட்கார்ந்து "ஏறிக்கோ"ன்னு சொல்றேன். அவளே ஏறி மடியில வந்துடறா. அவளுக்கு அம்மான்னா அப்படித்தான்.

இன்னொரு குழந்தை பெத்துக்கணுமாங்கிறதை நாங்க இன்னும் முடிவு பண்ணல. முடியாதுன்னு இல்ல. அந்த ஒரு வருஷத்தை இன்னொரு தடவை யார் யார் சேர்ந்து தாங்கப் போறோம்ங்கிறது பேச வேண்டிய விஷயம். உங்ககிட்ட யாராவது "ஒண்ணு போதுமா?"ன்னு கேட்டா, அந்தக் கேள்வியைத் திருப்பி அவங்ககிட்டயே கேளுங்க. "ராத்திரி யார் எழுந்திருக்கிறது?"

உடனே போக வேண்டிய அறிகுறிகள்

எல்லா முதுகுவலியும் பொறுத்துக்க வேண்டியது இல்ல. கால்ல புதுசா பலவீனம் வந்தா, தொடை இடுக்குலயும் பின்பக்கமும் மரத்துப்போனா, சிறுநீர் கழிக்க முடியாம போனாலோ கட்டுப்படுத்த முடியாம போனாலோ, காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க. காய்ச்சலோட முதுகுவலி, சிறுநீர் எரிச்சலோட விலாப்பக்க வலி, இது சிறுநீரகத் தொற்றா இருக்கலாம். கர்ப்பத்துல விட்டுவிட்டு, அலை அலையா வர்ற இடுப்புவலி குறைமாசப் பிரசவத்தோட தொடக்கமா இருக்கலாம். "எனக்குத்தான் எப்பவும் வலிக்குமே"ன்னு நம்ம விட்டுடக்கூடாதது இதுதான். வலி பழகினவங்களுக்கு புது வலி லேட்டாத்தான் தெரியும்.

கடைசியா ஒண்ணு. ஸ்கோலியோசிஸ் குடும்பத்துல தொடரலாம். நம்ம பிள்ளைகளுக்கு வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம், ஆனா பெரும்பாலான பிள்ளைகளுக்கு வர்றது இல்ல. பத்து வயசுல இருந்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவை குழந்தையை முன்னாடி குனியச் சொல்லி, பின்னாடி நின்னு பாருங்க. ஒரு பக்க விலா மேடா தெரிஞ்சா டாக்டர்கிட்ட காட்டுங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா பிரேஸ் வேலை செய்யும். 2013-ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, பிரேஸ் போட்டவங்கள்ல 72 சதவீதம் பேருக்கு வளைவு ஆபரேஷன் அளவுக்குப் போகல. வெறுமனே கவனிச்சுக்கிட்டு இருந்தவங்கள்ல அது 48 சதவீதம். ஒரு நாள்ல அதிக மணி நேரம் போட்டவங்களுக்குப் பலனும் அதிகம்.

இந்த எபிசோடை முதுகுல ராடு இருக்கிற யாருக்காவது அனுப்பணும்னு தோணினா, அனுப்புங்க. அவங்க அம்மா அப்பாவுக்கும் அனுப்புங்க. பீரோ மேல ஒரு பை இருக்கும், அதைத் தூக்கிப் போட்டுட வேண்டாம்னு சொல்லுங்க.